ஆறு கிழமைக்கு மேல் தவணை கூடாது என்று சட்டமே சொல்கிறதே!

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீதி அமைச்சராக யார் வந்தாலும் வழக்குத் தாமதத்தைக் குறைக்கப் போகிறேன் என்பதுதான் முதல் பேச்சு. தேங்கிக் கிடக்கும் வழக்குகள் பத்து இலட்சத்தைத் தாண்டிவிட்டன என்று அவர்களே சொல்வார்கள், உடனே புதுக் கட்டடம், புது நீதிபதிகள், கணினி, திருத்தச் சட்டம் என்று ஒரு பட்டியலும் வரும். சும்மா குறை சொல்லக் கூடாது, சில வேலைகள் நடந்தும் இருக்கின்றன. 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு மாகாணங்களுக்கு சிவில் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றங்கள் வந்ததால் நுவரெலியா, ஹட்டன் பக்கத்து அப்பீல் கண்டியிலேயே கேட்கப்படுகிறது, எடுத்த எடுப்பில் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. 2020 இல் 20ஆவது திருத்தத்தோடு உயர் நீதிமன்ற நீதிபதிகள் 11 பேரிலிருந்து 17 பேர் ஆனார்கள், மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் 12 என்பது 20 ஆனது. 2017 இலும் பிறகு 2023 இலும் சிவில் வழக்கு நடைமுறைச் சட்டத்தைத் திருத்தி, விளக்கத்துக்கு, அதாவது வழக்கு விசாரணைக்கு, முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டு எதில் தகராறு, எதில் இல்லை என்று பிரித்து, முடிந்தால் அங்கேயே சமாதானமாக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். நல்லதுதான். ஆனால் இரு தரப்பும் வந்து நின்றால்தானே இதெல்லாம்? எங்கள் பக்கத்தில் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவதற்குள்ளேயே காலம் போய்விடுகிறது.

எங்கள் குடும்பத்தில் ஒரு கடைக் காணிக்குப் பங்கு வழக்கு நடக்கிறது. எந்த நீதிமன்றம் என்று எழுதவில்லை, மலையகத்தில் ஓர் ஊர். தாத்தா வாங்கிய காணி, யாருக்கும் எழுதி வைக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார். வழக்கைக் காணிக் கந்தோரில் பதிந்து, நில அளவையாளர் அளந்து பிளான் போட்டு, எல்லாம் ஒரு மாதிரி வந்துகொண்டிருந்தபோது பங்காளிகளில் ஒருவரான பெரியப்பா இறந்தார். அவர் பிள்ளைகளை வழக்கில் சேர்க்க வேண்டும். அதில் ஒரு மகள் தேயிலைத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவர். பதிவுத் தபாலில் போன அறிவித்தல் விலாசம் போதாது என்று திரும்பி வந்தது. அடுத்த தவணை. அறிவித்தலை நேரில் கொடுக்கும் நீதிமன்ற அலுவலரான பிஸ்கால் போனார், அக்கா கொழுந்து எடுக்க மலைக்குப் போயிருந்தார், லயத்தில் ஆளில்லை. அடுத்த தவணை. அதற்குள் நீதிபதிக்கு மாற்றம், புதியவர் வந்து கோப்பைப் பார்க்க வேண்டாமா, அதற்கும் ஒரு தவணை. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், வழக்கு முடியுமுன் தான் இறந்தால் யாரைச் சேர்ப்பது என்று கட்சிக்காரர் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 1977 ஆம் ஆண்டுப் பங்கு வழக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. பெரியப்பாவிடம் அந்தக் கடதாசியை வாங்கிப் போட யாருக்கும் தோன்றவில்லை.

கொழும்பில் இருப்பவர்களுக்கு விலாசம் என்றால் வீட்டு இலக்கம், ஒழுங்கை, அவ்வளவுதான். தோட்டத்தில் எத்தனையோ லயங்களுக்கு இன்றைக்கும் தனி விலாசம் கிடையாது. கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்கு வரும், அங்கிருந்து தோட்டத்துத் தபால்காரர் பையில் போட்டுக்கொண்டு டிவிசன் டிவிசனாக நடப்பார், ஒரே டிவிசனில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் அது யார் கைக்குப் போகும் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். அழைப்பாணை கைக்கு வராமலே ஒருதலைத் தீர்ப்பாகி, பிறகு அதை நீக்கச் சொல்லி மனுப் போட்டு, வழக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். லயத்துக்கு இலக்கம் போட்டு, தபால் திணைக்களம் நேரே வீட்டுக்குக் கடிதம் கொடுக்கச் செய்வதையும் வழக்குத் தாமதத்தைக் குறைக்கும் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பேன். கேட்பவர்கள் சிரிக்கலாம்.

அடுத்தது மொழி. வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்ற வேலை சிங்களத்தில்தான். அந்த மொழி புரியாத கட்சிக்காரருக்கு அரசாங்கம் உரைபெயர்த்துக் கொடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரை சொல்கிறது. நடைமுறையில் என்ன? உரைபெயர்ப்பாளர் லீவு, அல்லது பக்கத்து நீதிமன்றத்துக்குப் போய்விட்டார், அதனால் சாட்சியம் எடுக்க முடியாது, தவணை. தமிழில் எழுதிய பழைய காணி உறுதி ஒன்று கோப்பில் இருந்தால் அதைச் சிங்களத்துக்கு மாற்ற இன்னொரு தவணை. வழக்காளி, எதிராளி, இரண்டு சட்டத்தரணிகள், சாட்சி எல்லோரும் வந்து நிற்க, ஒரேயொரு ஆள் இல்லாததால் முழு நாளும் போகிறது.

அப்புறம் அந்தத் தவணை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 143ஆம் பிரிவை எங்கள் வழக்குக்காக ஒரு தம்பி எடுத்துக் காட்டினார். விசேட காரணம் இருந்து, அதை எழுதியும் வைத்தால் தவிர, ஆறு கிழமைக்கு மேல் ஒத்திவைக்கக் கூடாதாம்! எங்களுக்கு மூன்று மாதம், நான்கு மாதம் என்றுதான் திகதி கிடைத்திருக்கிறது. காரணம் எழுதினார்களா என்று எனக்குத் தெரியாது, கேட்கும் தைரியமும் இல்லை. நீதிபதிகளை மட்டும் குறை சொல்லிப் பலனில்லை, அவர்கள் மேசையில் ஒரு நாளைக்கு அத்தனை கோப்பு. பாதித் தவணை எங்கள் சட்டத்தரணிமார் வாங்குவது, ஐயாவுக்கு வேறு கோட்டில் வழக்கு, ஐயாவுக்குச் சுகமில்லை என்று. காரணமில்லாமல் தவணை கேட்பவர் மறுதரப்பின் அன்றைய செலவைக் கட்ட வேண்டும் என்று கண்டிப்பாகக் கட்டளையிட்டால் பாதி குறையும். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, இருக்கிற அதிகாரமே போதும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஒவ்வொரு தவணைக்கும் எங்கள் சனம் கொடுக்கும் விலை வேறு. 2024 இல் தோட்டத் தொழிலாளருக்கு வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபாய். கோட்டுக்குப் போனால் அன்றைய பேர், அதாவது அந்த நாள் சம்பளம், இல்லை, பஸ் காசு, சாப்பாடு, சட்டத்தரணிக்குக் கையில் ஏதாவது. பெயர் கூப்பிட்டு, எழுந்து நின்று, திகதி கேட்டு வெளியே வர இரண்டு நிமிசம். விவாகரத்துக் கேட்டுப் போன பெண்பிள்ளைகள் சிலர் இந்தச் செலவுக்குப் பயந்தே வழக்கைக் கைவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வழக்குகள் முடிந்த கணக்கில்தான் சேரும் என்று நினைக்கிறேன்.

மலையகத்திலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனவர்களிடம் ஒரு வேலை சொல்கிறேன். நுவரெலியா, ஹட்டன், பதுளை, பண்டாரவளை நீதிமன்றங்களில் தமிழ் உரைபெயர்ப்பாளர் பதவி எத்தனை, அதில் எத்தனை வெற்றிடம், கடந்த வருடம் அழைப்பாணை சேராததால் மட்டும் ஒத்திவைத்த சிவில் வழக்குகள் எத்தனை, ஆறு கிழமைக்கு மேல் போன தவணைகள் எத்தனை என்று நீதி அமைச்சரிடம் எழுத்தில் கேளுங்கள். வரும் பதிலை உங்கள் பத்திரிகை அப்படியே போடட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொட்டகலை.