இது யார், நானா?

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, அதில் நாள் ஓடிவிட்டது. இப்போது பரவாயில்லை, நடக்கிறாள்.

படங்கள் எதுவரை வந்தன என்று கேட்டிருந்தாய். ஆறு மாதமாக ஆட்களை எடுத்த படங்களையெல்லாம் தரையில் பரப்பிப் பார்த்தேன். வெளிச்சம், ஃபோகஸ் எல்லாம் சரி. ஆனால் அம்மா ஒன்றைக் கையில் எடுத்து, "இது யாரு, நானா? இவ்வளவு சோகமா நான் எப்ப இருந்தேன்?" என்றாள். சுருக்கென்றது. ஜன்னலோரம் உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, சிரிக்காதே என்றது நான்தானே.

மார்க் கராஞ்சேயின் படங்கள் நினைவுக்கு வந்தன. 1960இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சுச் சிப்பாயாக இருந்தவர். அடையாள அட்டைக்காகப் பத்தே நாளில் ஏறக்குறைய 2,000 பேரைப் படமெடுத்தார். பெரும்பாலும் பெண்கள். மேலதிகாரி உத்தரவுப்படி முக்காட்டை விலக்க வைத்தார்கள். அந்தப் பெண்கள் கேமராவைப் பார்க்கிற பார்வையை என்னால் நெடுநேரம் தாங்க முடியவில்லை.

அப்புறம் செய்டூ கெய்டாவின் படங்களை எடுத்துப் பார்த்தேன். மாலியின் பமாகோ நகரில் 1948இல் ஸ்டுடியோ திறந்தவர். தொடக்கத்தில் அவர் படுக்கை விரிப்புதான் பின்திரை. கோட்டு, கைக்கடிகாரம், ரேடியோ எல்லாம் வைத்திருப்பார். வந்தவர்கள் வேண்டியதை எடுத்துக்கொண்டு போஸ் கொடுப்பார்கள். இரவல் கடிகாரம் கட்டினால் அது பொய்யில்லையா என்று நாம் ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை போட்டோமே, ஞாபகமிருக்கிறதா? பொய்தான் என்று அன்று நானும் ஒப்புக்கொண்டேன். இன்று மாட்டேன். ஒருவர் ஆசைப்படுவதும் அவர்தான், மாலதி. அதை நீக்கிவிட்டு எடுத்தால் பாதி ஆள்தான் கிடைக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை கேமராவை ஸ்டாண்டில் வைத்து, தூரத்திலிருந்தே அழுத்திப் படமெடுக்கிற ஷட்டர் வயரை அம்மா கையில் கொடுத்துவிட்டு நான் பின்னால் நின்றுகொண்டேன். கண்ணாடியைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். மோவாயைக் கொஞ்சம் உயர்த்தினாள். எதையோ சொல்ல வாய் எடுத்தவள் சட்டென்று அழுத்திவிட்டாள். படத்தில் உதடு லேசாகக் கலங்கியிருக்கிறது. வயரை அழுத்தின கட்டைவிரல் மட்டும் நகக்கண் வரை துல்லியம். பார்த்துவிட்டு, "ம், இது நான்" என்றாள்.

பழைய படங்களை ஒதுக்கிவிட்டேன். எல்லோரையும் இப்படித்தான் திரும்ப எடுக்கப்போகிறேன், எத்தனை மாதமானாலும் சரி.

அடுத்த மாதம் உன்னிடம் வருகிறேன். என்ன உடுத்துவது, எங்கே உட்காருவது எல்லாம் நீயே யோசித்து வை. வயர் பத்தடி நீளம். எங்கே உட்கார்ந்தாலும் எட்டும்.

அன்புடன்,
வசந்தா