லாரி ஓடுகிற சாலைக்கே டீசல் வரி சேரட்டும்: தமிழ்நாடு நிதியமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு நிதியமைச்சர் அவர்களுக்கு, வணக்கம்.

நாமக்கல்லில் லாரிகளுக்கு டிரிப் கணக்கு எழுதுகிறவன் நான். டீசல் பில்களை மாநிலவாரியாகப் பிரித்து அடுக்கினால் உங்கள் துறைக்கு வேண்டிய செய்தி ஒன்று அதில் இருக்கிறது.

புனேவுக்கு லோடு ஏற்றிய வண்டி நாமக்கல்லில் டேங்கை நிரப்பாது. சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி, கர்நாடக எல்லையில் இருக்கிற அத்திப்பள்ளி போய்ச் சேருகிற அளவுக்குத்தான் டீசல் இருக்கும். எல்லை தாண்டினால் டேங்க் ஃபுல். தும்கூரு, ஹுப்பள்ளி, பெலகாவி என்று ஓடி, மகாராஷ்டிரத்துக்குள் நுழையுமுன் நிப்பாணிப் பக்கம் இன்னொரு தடவை. திரும்பும்போதும் அத்திப்பள்ளியில் நிரப்பிக்கொண்டுதான் ஓசூருக்குள் வரும். விஜயவாடா லைனில் இது தலைகீழ். ஆந்திராவில் 22.25 சதவீத வாட் (மாநில விற்பனை வரி), அதற்கு மேல் லிட்டருக்கு 4 ரூபாய், சாலை செஸ் 1 ரூபாய் என்று வசூலித்து வந்ததால், அந்தப் பக்கம் போகிறவர்கள் கும்மிடிப்பூண்டி தாண்டுவதற்குள் நிரப்பிவிடுவார்கள். கேரளா லோடு என்றால் வாளையாறுக்கு முன்னால்.

டிரைவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. 2024 ஜூன் நடுப்பகுதி வரை கர்நாடகத்தில் டீசலுக்கு விற்பனை வரி 14.34 சதவீதம், பெங்களூருவில் லிட்டர் 85.93 ரூபாய். அதே சமயம் சென்னையில் 92 ரூபாய் சில்லறை. 300 லிட்டர் நிரப்பினால் ஏறக்குறைய 1,900 ரூபாய் மிச்சம். அப்புறம் கர்நாடகம் வரியை 18.44 ஆக்கியது, 2025 ஏப்ரலில் 21.17 ஆக்கியது. பெங்களூரு விலை 91 ரூபாயைத் தொட்டது, அங்குள்ள லாரி உரிமையாளர்கள் ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். உயர்த்திய பிறகும் பக்கத்து மாநிலங்களைவிடக் குறைவுதான் என்பது அந்த அரசின் வாதம். எங்கள் கணக்கில் மிச்சம் 400 ரூபாய் அளவுக்கு இறங்கியது. ஆனாலும் பழக்கம் மாறவில்லை. 400 ரூபாயை யார் விடுவார்?

இனி உங்கள் பக்கத்துக் கணக்கு. 2020 மே முதல் நம்முடைய வரி 11 சதவீதமும் லிட்டருக்கு 9.62 ரூபாயும். இரண்டும் சேர்ந்தால் 17 ரூபாய்க்குக் குறையாது. நாமக்கல்லிலிருந்து அத்திப்பள்ளி ஏறத்தாழ 220 கிலோமீட்டர், போக வர 440. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 110 லிட்டர். தேய்வது தமிழ்நாட்டுச் சாலை. நமக்கு வர வேண்டிய 1,870 ரூபாய் வரி வராமல் போகிறது, அந்த டீசலுக்கான வரி போய்ச் சேருவது பெங்களூருவுக்கு. இதில் சூட்சுமம் ஒன்றும் இருக்கிறது: கச்சா எண்ணெய் இறங்கினால் சதவீத வரி தானாக இறங்கும், நம்முடைய 9.62 அசையாது. உலகச் சந்தையில் விலை குறையக் குறைய நம் பங்க்குகள்தான் போட்டியில் பின்தங்கும்.

டீசலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவரச் சொல்லி நான் எழுதவில்லை. 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய 45ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம் அந்தப் பேச்சை ஒத்திப்போட்டுவிட்டது. மாநிலத்தின் கையில் மிச்சமிருக்கிற சில வரிகளில் இதுவும் ஒன்று என்பதும் எங்களுக்குத் தெரியும்.

கேட்பது வேறு. அமெரிக்காவில் 48 மாநிலங்களும் கனடாவின் 10 மாகாணங்களும் ஓர் ஒப்பந்தத்தில் இருக்கின்றன. கனரக லாரி எங்கே டீசல் போட்டாலும், அந்த வரி கடைசியில் அது எந்த மாநிலத்தில் எத்தனை மைல் ஓடியதோ அந்தக் கணக்கில் பங்காகும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை உரிமையாளர் தன் சொந்த மாநிலத்தில் ஒரே ஒரு கணக்குத் தாக்கல் செய்வார். வரி குறைந்த ஒஹாயோவில் நிரப்பி வரி கூடிய பென்சில்வேனியாவில் ஓடினால் வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். மாற்றி ஓடினால் வரவு கிடைக்கும். ஆகவே அங்கே விவரம் தெரிந்த டிரைவர் போர்டில் உள்ள விலையை அப்படியே நம்புவதில்லை. வரியைக் கழித்துவிட்டு எந்த பங்க் மலிவு என்று பார்க்கிறார். எல்லைக்காக டேங்கைக் காயவைத்துக்கொண்டு ஓட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

இதெல்லாம் இங்கே நடக்காது என்பார்கள். பல மாநிலங்களில் லாரி ஓட்ட வாங்குகிற நேஷனல் பெர்மிட் நடக்கிறதே! 2010இலிருந்து ஒரே கட்டணம் கட்டுகிறோம், அதை மாநிலங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயம். எந்த வண்டி எந்த டோலை எத்தனை மணிக்குக் கடந்தது என்பது பதிவாகிறது. லோடு எங்கிருந்து எங்கே போகிறது என்பதற்கு இ-வே பில் என்ற ஆன்லைன் சரக்குச் சீட்டு இருக்கிறது. டோல் இல்லாத மாநிலச் சாலையும், காலியாகத் திரும்பும் வண்டியும் கணக்கில் விடுபடும், உண்மைதான். அதற்கு ஜிபிஎஸ் பதிவை ஏற்கலாம். ஒரே ஒரு லாரி வைத்து அதைத் தானே ஓட்டுகிறவரிடம் மட்டும் காலாண்டுக்கு ஒரு படிவம் கேட்காதீர்கள். ஃபாஸ்டேக் கணக்கிலேயே கூட்டிக் கழித்துவிடுங்கள்.

எங்கள் ஊரிலேயே இதற்கு எதிர்ப்பு வரும். கையில் வருகிற மிச்சத்தை ஏன் கெடுக்கிறாய் என்று என்னையே திட்டுவார்கள். ஆனால் அந்த மிச்சம் எங்கள் கையில் தங்குவதே இல்லை. "கர்நாடகா டீசல்தானே போடுறீங்க" என்று சொல்லி, லோடு பிடித்துக் கொடுக்கிற புக்கிங் ஆபீஸ் வாடகையில் பிடித்துக்கொள்கிறது.

மூன்று காரியங்கள் உங்களால் முடியும். ஆந்திரா, கேரளா எல்லைகளில் நமக்கு வருவது எவ்வளவு, கர்நாடகா, புதுச்சேரி எல்லைகளில் போவது எவ்வளவு என்று துறையிடம் கணக்குக் கேட்டு சட்டமன்றத்தில் வையுங்கள். தென் மாநில நிதியமைச்சர்களைக் கூட்டி, நேஷனல் பெர்மிட் லாரிகளுக்கு மட்டும் இந்தப் பங்கீட்டை ஓராண்டு நடத்திப் பார்க்கலாமா என்று பேசுங்கள். அதுவரை 9.62 ரூபாயைக் குறைக்க வழி பாருங்கள். எவ்வளவு குறைத்தால் வண்டிகள் ஓசூரிலேயே நிரப்பும் என்று ஓசூர் பங்க்காரர்களைக் கேட்டால் பைசா சுத்தமாகச் சொல்வார்கள்.

இப்படிக்கு,
நாமக்கல்லிலிருந்து ஒரு டிரிப் கணக்குக்காரன்