போர்ட்டை மறக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

1919 மே மாதத்தில் அட்லாண்டிக்கை முதன்முதலாக வான்வழியே கடந்த அமெரிக்கக் கடற்படையின் என்.சி-4 பறக்கும் படகை (நீரிலிருந்து எழும்பி நீரிலேயே இறங்கும் விமானத்தை)ப் பற்றிய தங்கள் கட்டுரையில், பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் சிரில் போர்ட்டின் பெயர் விடுபட்டிருப்பது வருத்தமளிக்கிறது. அதே கடலைக் கடக்கவென்றே 1914இல் அமெரிக்க விமான வடிவமைப்பாளர் கிளென் கர்ட்டிஸுடன் சேர்ந்து ‘அமெரிக்கா’ என்ற பறக்கும் படகை உருவாக்கியவர் அவர். உலகப் போர் மூண்டதால் அந்தப் பயணம் நின்றுபோனது. கர்ட்டிஸ் படகுகளின் அடிப்பாகம் வட கடலின் அலைகளுக்குத் தாக்குப்பிடிக்காததைக் கண்ட அவர், இங்கிலாந்தின் ஃபெலிக்ஸ்டோ கடற்படை விமானத் தளத்தில் அதைத் திரும்பத் திரும்பச் சோதித்து மாற்றியமைத்தார். அடிப்பாகத்தில் படிபோல் அமைத்த வெட்டுகள்தாம், நீரின் பிடியிலிருந்து படகு விடுபட்டு மேலெழ உதவின. அவ்வாறு உருவான எஃப்.2ஏ படகுகள், ஜெர்மானிய நீர்மூழ்கிகளைத் தேடி மணிக்கணக்கில் ரோந்து சுற்றின. அதே 1919இன் அக்டோபரில், 35 வயதிலேயே காசநோயால் மறைந்த போர்ட்டைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிட வேண்டுகிறேன்.

– வாசகர் ஒருவர், திருச்சி