என் படிப்புக்கு உடம்பும் உறக்கமும் தந்தவர்களுக்கு

திருகோணமலைத் திருக்கடலூரில் எங்கள் தெருவில் இருப்பவர்களுக்கும், யாழ்ப்பாணத்தில் எனக்குப் பாடம் சொன்னவர்களுக்கும், பெயர் தெரியாமலே எனக்குத் தொழில் பழக்கிய நோயாளர்களுக்கும் வணக்கம்.

மருத்துவப் படிப்பு முடித்து வைத்தியசாலையில் செய்கிற என் உள்ளகப் பயிற்சி போன மாதத்தோடு முடிந்தது. நியமனக் கடிதம் வரும்வரை வீட்டில் இருக்கிறேன். எட்டு வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் நாள் தவறாமல் அம்மாவின் கையால் சாப்பிட்டு, பின்னேரம் கடற்கரையில் நடக்க நேரம் கிடைத்திருக்கிறது. எதிர்ப்படுகிறவர்கள் "டொக்டர் பிள்ளை" என்று கூப்பிடுகிறார்கள். அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் சிலருடைய முகங்கள் எனக்கு நினைவு வருகின்றன. அவர்களில் பலருக்கு நான் நேரே நன்றி சொன்னதில்லை. சிலருக்கு இனிச் சொல்லவும் வழியில்லை. அதனால்தான் எல்லாரும் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே யாருடைய பெயரும் இதில் இல்லை. வாசிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதலில் இரசாயனவியல் சேர். தகரக் கூரை போட்ட உங்கள் வகுப்பில் நான் மூன்றாவது வாங்கில் இருந்து பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். கரும்பலகை எனக்குத் தெரியவில்லை என்பது எனக்கே தெரியாது. எல்லாருக்கும் அப்படித்தான் மங்கலாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். நீங்கள்தான் கவனித்தீர்கள். அடுத்த கிழமை அம்மாவைக் கூப்பிட்டுக் கதைத்து, கண் கிளினிக்குக்கு அனுப்பிவைத்தீர்கள். கண்ணாடி வந்த பிறகுதான் உயர்தரம் படிக்கலாம் என்ற துணிவே வந்தது. அப்புறம் மாதக் காசையும் நிறுத்திவிட்டீர்கள். இப்போது கொண்டுவந்து தந்தாலும் வாங்க மாட்டேன் என்கிறீர்கள். சரி சேர், இந்த நன்றியையாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் பாடசாலையில் ஒரு வருடம் முழுக்கப் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இருக்கவில்லை. 2015ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையில் நான் எடுத்த இசட் புள்ளி (பாடங்களின் கடினத்தை ஈடுசெய்து கணிக்கும் புள்ளி), கொழும்புப் பிள்ளை ஒருவருக்கு மருத்துவ பீடத்தின் கதவைத் திறந்திருக்காது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு முழுவதற்கும் பொதுவான திறமை அடிப்படையில் போகிறது. 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி பிரிக்கப்படுகிறது. மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. திருகோணமலை அப்படிப்பட்ட மாவட்டங்களில் ஒன்று. நான் மாவட்ட ஒதுக்கீட்டில் போனவள். இதைக் குறைவாகக் கதைக்கிறவர்கள் உண்டு. மருத்துவ பீடத்துக்குள் போன பிறகு எங்கள் எல்லாருக்கும் வினாத்தாள் ஒன்றுதான், சித்தியடையும் புள்ளியும் ஒன்றுதான் என்பதை அவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். 1945இல் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி இல்லையென்றால், அந்தக் கதவு திறந்திருந்தும் அப்பாவால் என்னை உள்ளே அனுப்பியிருக்க முடியாது. ஒரு பக்கெட் சீனிக்கும் ஒரு பெட்டி நெருப்புக்குச்சிக்கும் வரி கட்டிய எல்லாருடைய காசிலும் படித்தேன். அந்தக் கணக்கு என் மனதில் எப்போதும் இருக்கிறது.

முதல் வருடத்தில் மூதூர் அக்கா ஒருவர் தன் எலும்புப் பெட்டியைத் தந்தார். உடற்கூற்றியல் படிக்க எலும்புகளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். விலைக்கு வாங்குவதென்றால் எங்கள் வீட்டால் ஏலாது. லீவுக்கு அதை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அம்மம்மா பயப்படுவார் என்று ஒளித்து வைத்தேன். அவர் கண்டுபிடித்துவிட்டார். ஒன்றும் பேசவில்லை. பின்னேரம் பார்த்தால் பெட்டிக்கு முன்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "ஆரோ பெத்த பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் உடற்கூற்று ஆய்வுகூடத்துக்குள் நான் போய்வந்தேன். எங்கள் மேசையில் இருந்தவரின் பெயர், ஊர், வயது எதுவும் எங்களுக்குத் தெரியாது. உள்ளங்காலின் தோல் தடித்து வெடித்திருந்தது, என் அப்பாவின் கால் மாதிரி. வாழ்நாளில் நிறைய நடந்த மனிதர். உடல் பழுதாகாமல் காக்கும் போமலின் மணத்தில் கண்ணீர் வழிய, வாரக்கணக்காக அவருடைய கையைத் தோளிலிருந்து விரல்வரை படித்தோம். மேற்கை எலும்பின் பின்பக்கத்தில் ரேடியல் நரம்பு எலும்போடு ஒட்டிச் சுற்றிக்கொண்டு போகிறது. படத்தில் அது ஒரு மஞ்சள் கோடு. அவருடைய கையில்தான் அது எவ்வளவு மெல்லியது, எலும்புக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று கண்டேன். ஆறேழு வருடம் கழித்து, கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து மேற்கை முறிந்த மேசன் ஒருவர் இரவு இரண்டு மணிக்கு வந்தார். மணிக்கட்டை நிமிர்த்துங்கள் என்றேன். கை தொங்கியபடியே இருந்தது; அந்த நரம்பு அடிபட்டால் அப்படித்தான். அந்த நேரம் எனக்குப் புத்தகம் நினைவு வரவில்லை, அந்த மேசைதான் நினைவு வந்தது. ஐயா, உங்களுக்கும், உங்கள் உடலைத் தர மனம் இசைந்த உங்கள் பிள்ளைகளுக்கும் என் முதல் வணக்கம்.

படிப்பு முழுக்க ஆங்கிலத்தில். முதல் மாதங்களில் விரிவுரை முடிந்து வெளியே வரும்போது என் கொப்பியில் பாதி வசனங்கள் வாலில்லாமல் நிற்கும். ஒரு நாள் விரிவுரையாளர் ஒருவர் எங்களை இருத்தி வைத்துச் சொன்னார்: 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார், நூல்களையும் தமிழில் ஆக்கினார், ஆகவே உங்கள் மொழிக்கு மருத்துவம் புதிதல்ல, உங்களுக்கு ஆங்கிலம்தான் புதிது, அது பழகிவிடும். அன்று இரவு நான் நன்றாக நித்திரை கொண்டேன். பழகவைத்தவர்கள் சீனியர் அண்ணாமாரும் அக்காமாரும். வளாகத்தில் அதைக் குப்பி என்போம்: மூத்த மாணவர்கள் இரவில் இளையவர்களை இருத்திச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு. தங்களுக்கு விடிந்தால் பரீட்சை இருக்கும்போதும் எங்களுக்குச் சிறுநீரகத்தைக் கீறி விளக்கியவர்கள் அவர்கள். காசு இல்லை, கையொப்பம் இல்லை, ஒரு பிளேன்ரீ மட்டும்.

இரண்டாம் எம்.பி.பி.எஸ். பரீட்சையில் எனக்கு உயிர் இரசாயனவியல் தவறியது. ஊரில் எப்போதும் முதலாம் பிள்ளையாக இருந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று இங்கே விவரிக்கத் தேவையில்லை. தொலைபேசியில் அழுதேன். அடுத்த நாள் மத்தியானம் அப்பா விடுதி வாசலில் நிற்கிறார். இரவோடு இரவாகத் திருகோணமலையிலிருந்து பஸ் ஏறி, ஹொரவப்பொத்தானை, வவுனியா சுற்றி வந்திருக்கிறார். கையில் ஒரு பார்சல் கருவாடு. மதிலோரம் இரண்டு பேரும் இருந்தோம். பரீட்சை பற்றி அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அறையில் காற்றாடி வேலை செய்கிறதா, தண்ணீர் நல்லதா, இரவில் நுளம்பு கடிக்கிறதா என்று கேட்டார். ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு, விடியத் தொழிலுக்குப் போக வேண்டும் என்று அடுத்த பஸ்ஸில் திரும்பினார். மறுமுறை எழுதிச் சித்தியடைந்தேன். அப்பா, நீங்கள் அன்று ஏன் வந்தீர்கள் என்று நான் இதுவரை கேட்டதில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

கிண்ணியா நானாவுக்கு நான் எழுத வேண்டியது கொஞ்சம் நீளம். நீங்கள் அப்பாவிடம் மீன் வாங்குகிறவர். எங்களுக்கு அதைவிடக் கூட. 2017 தொடக்கத்தில் கிண்ணியாவையும் மூதூரையும் டெங்கு வாட்டியது நினைவிருக்கும். அந்த வருடம் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். உங்கள் பேரன் வைத்தியசாலையில் இருந்தபோது என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, பிளேட்லட் குறையுது எண்டினம், அது என்னம்மா?" என்று கேட்டீர்கள். நான் சேர்ந்து சில கிழமைகள்தான். தெரியாது நானா என்றேன். "பரவாயில்ல, படிச்சிட்டுச் சொல்லுங்க" என்றீர்கள். பேரன் சுகமாக வந்தான், அல்ஹம்துலில்லாஹ் என்று நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஐந்து வருடம் கழித்து, என் இறுதி ஆண்டில், நாட்டின் பொருளாதார நெருக்கடியில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் அப்பாவின் படகு மாதக்கணக்காகக் கரையில் கிடந்தது. 2022 ஓகஸ்டில் கிடைக்கத் தொடங்கியபோது லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியிருந்தது. அம்மா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்ததில் வீடு ஓடியது. என் விடுதிச் செலவுக்கு நீங்கள்தான், வராத மீனுக்கு முற்பணம் தந்தீர்கள். அதை எந்தக் கொப்பியிலும் எழுதவில்லை என்று அப்பா சொன்னார்.

உள்ளகப் பயிற்சிக்கு எனக்குச் சிங்களப் பகுதி வைத்தியசாலை ஒன்று கிடைத்தது. ஆறு மாதம் சத்திரசிகிச்சை விடுதி, ஆறு மாதம் சிறுவர் விடுதி. என் சிங்களம் கடையில் சாமான் வாங்கப் போதும், நெஞ்சுவலி விசாரிக்கப் போதாது. விடுதியின் சிஸ்டர் ஒருவர் ஒவ்வொரு நாளும் சுற்று தொடங்குமுன் ஐந்து வசனம் சொல்லித் தந்தார். முதல் வசனம் "கொஹேத ரிதென்னே?" எங்கே வலிக்கிறது என்று அர்த்தம். நான் பிழையாகச் சொன்னபோது ஒருவரும் சிரிக்காமல் பார்த்துக்கொண்டதும் அவர்தான்.

இரண்டாம் நாளே ஒரு முதிய அம்மா. நீரிழிவால் காலில் புண். சேலைன் ஏற்ற வேண்டும், இரத்த நாளங்கள் நூல் மாதிரி. முதல் ஊசி தவறியது. இரண்டாவதும் தவறியது. மூன்றாவது தடவை நாளம் வெடித்துப் புறங்கை நீலமாக வீங்கியது. என் கை நடுங்கியது. அவர் மற்றக் கையால் என் கையைப் பிடித்து, "கமக் நே துவ" என்றார். பரவாயில்லை மகளே என்று சொல்லிவிட்டு, அந்தக் கையையும் நீட்டினார். நான்காவது தடவை சரியாக ஏறியது. அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான பேருக்கு நான் ஒரே தடவையில் ஏற்றியிருக்கிறேன். அதில் எல்லாம் அந்த அம்மாவின் வலி இருக்கிறது. மருத்துவம் படிக்க நித்திரையும் இளமையும் போகிறது என்று எங்களைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள். போனது உண்மைதான். முப்பது மணித்தியாலம் தொடர்ந்து நின்றிருக்கிறேன், நண்பர்களின் கல்யாணங்களுக்குப் போகவில்லை, அம்மம்மாவின் செத்தவீட்டுக்கு உடல் எடுத்த பிறகுதான் வந்து சேர்ந்தேன். ஆனால் எங்கள் படிப்புக்காக வலி தாங்கியவர்கள் நாங்கள் அல்ல, அவர்கள். அதை யாரும் பேசுவதில்லை என்பதுதான் எனக்கு மனவருத்தம்.

சிறுவர் விடுதியில் ஆறு வயதுப் பிள்ளை ஒருவனுக்கு டெங்கு. காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து தொடங்குகிறது. குருதிக் குழாய்களிலிருந்து நீர் கசியும் அந்தக் காலம் ஏறத்தாழ 48 மணித்தியாலம். சேலைன் குறைந்தால் பிள்ளை அதிர்ச்சி நிலைக்குப் போய்விடும், கூடினால் மூச்சு முட்டும். நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், சிறுநீரின் அளவு எல்லாவற்றையும் மணிக்கு மணி பார்த்து, துளிக் கணக்கில் ஏற்றி இறக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் தாய் இரண்டு இரவும் கண் மூடவில்லை. ஒவ்வொரு மணித்தியாலமும் சிறுநீரை அளந்து, பாடசாலைக் கொப்பி ஒன்றில் நேரத்தோடு எழுதி வைத்தார். விடுதியில் முப்பது பிள்ளைகள், நான் ஒருத்தி. அவருடைய கொப்பியைப் பார்த்துத்தான் மூன்று மணிக்கு அளவு குறைகிறது என்று கண்டு, வைத்திய நிபுணரை எழுப்பினேன். மூன்றாம் நாள் காலை அந்தப் பிள்ளை எழுந்திருந்து பாணும் பருப்பும் கேட்டான். தாய் அழவில்லை. கொப்பியை என்னிடம் தந்துவிட்டு, நிலத்தில் படுத்து அப்படியே உறங்கிப்போனார். இந்தப் படிப்பு எனக்குத் தந்தது என்ன என்று கேட்டால், அந்தக் காலையைத்தான் சொல்வேன். கொப்பி இப்போது என் மேசையில் இருக்கிறது.

நானா, பிளேட்லட் என்றால் இரத்தம் உறைய உதவும் நுண்ணிய துகள் என்று நான் படித்துவிட்டேன். உங்கள் வீட்டுக்கு வந்து பேரனுக்கே சொல்லித் தருகிறேன். அவன் இப்போது உயிரியல் படிக்கிறானாம்.

மூதூர் அக்காவின் எலும்புப் பெட்டி, இந்த வருடம் அனுமதி கிடைத்த நிலாவெளிப் பக்கத்துப் பிள்ளை ஒருவரிடம் போய்விட்டது. விளக்கையும் சேர்த்துக் கொடுத்தேன். நியமனம் வரும்வரை பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன். கிளினிக் கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது, எந்தக் குளிசையை எப்போது போட வேண்டும் என்று விளங்காதவர்கள் கூச்சப்படாமல் எடுத்துக்கொண்டு வாருங்கள். இருந்து கதைப்போம்.

நன்றியோடும் அன்போடும்,
திருக்கடலூரிலிருந்து உங்கள் பிள்ளை