இரண்டு டீச்சர் பள்ளியில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் "எனக்கு இந்த வேலையே பிடிக்கலம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அரசு வேலை, மாசம் பிறந்தால் சம்பளம், அப்புறம் என்ன குறை என்று கேட்பார். குறை என்னவென்று எனக்குத் தெரியும்.

ஐந்து வகுப்புக்கு இரண்டே பேர். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. தலையை எண்ணினால் கணக்கு சரிதான். ஆனால் அ, ஆ எழுதுகிறவனையும் வகுத்தல் போடுகிறவளையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு நிற்பது நீயல்லவா? தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்பும் உன் தலையில். நடுவில் எமிஸில், அதான் கல்வித்துறையின் இணையப் பதிவில், எதையாவது ஏற்றச் சொல்வார்கள். சிக்னல் தேடி வாசலுக்கு ஓட வேண்டும். பாடம் அங்கேயே அறுந்துவிடும். பிள்ளைகளை உனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது கண்ணு. இப்படி அறுந்து அறுந்து போகும் நாளைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி உன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளாதே.

நான் 1987-இல் சேர்ந்த பள்ளியில் பதினோரு மணிக்கே பிள்ளைகள் பசியில் சுருண்டுவிடுவார்கள். கண் கரும்பலகையில் நிற்காது, சத்துணவுக்கூடத்துப் புகையில்தான் நிற்கும். 2023-இல் காலை உணவு உங்கள் பள்ளி வரைக்கும் வந்துவிட்டது. முதல் பாடவேளையிலேயே முகம் தெளிவாக இருக்கிறது என்று நீயே சொன்னாய். அந்த ஒரு மணி நேரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதே. வருகையைப் பதிந்ததும் போனை மேசைக்குள் போட்டுவிடு. நாளுக்கு ஒரு பாடமாவது முழுசாக நடத்தி முடித்தால் சாயங்காலம் மனசு வேறு மாதிரி இருக்கும்.

என்னைக் காப்பாற்றியது கடைசி பஸ். அடுத்த ஊர் டீச்சர் ஒருவர் அதில் ஏறுவார். பின்னம் எப்படிச் சொல்லிக்கொடுத்தோம், எந்தப் பிள்ளை இன்றைக்கு வாய் திறந்தது, இதையே பேசிக்கொண்டு வருவோம். அவர் மாறுதலாகிப் போன வருஷம்தான் வேலையை விட்டுவிடலாமா என்று எனக்கும் தோன்றியது. பக்கத்து ஊர்ப் பள்ளியில் யார் இருக்கிறார்கள்? பேசிப் பார்த்தாயா?

மாறுதல் கலந்தாய்வு வந்தால், வேறு பள்ளிக்குப் போக வேண்டும் என்று தோன்றினால் விண்ணப்பம் போடு. அதில் தப்பில்லை. "ஆசிரியர் வேலை சேவையாச்சே" என்று சொல்லியே என் வாயை அடைத்தார்கள். இன்னொரு ஆசிரியர் வேண்டும் என்று நான் ஒரு மனுகூட எழுதியதில்லை. அது என் தப்பு. நீ எழுது. பள்ளி மேலாண்மைக் குழுவிலும் வைத்துத் தீர்மானம் போடச் சொல்.

சனிக்கிழமை வருகிறாய்தானே? முறுக்குக்கு மாவு அரைத்து வைத்திருக்கிறேன்.

அம்மா