கொழுந்துக்குத் தராசு இருக்கிறது, பிள்ளைக்கு இல்லை: சுகாதாரப் பணிப்பாளருக்கு ஒரு மனு

பெறுநர்: பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், நுவரெலியா.

பொருள்: அவசரத்துக்கு வரும் பிள்ளைகளைப் பார்க்க நம்ம வைத்தியசாலைகளையும் தோட்டங்களையும் தயார்படுத்துவது.

ஐயா,

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம் நிறுக்கிறார்கள், நிறுக்கும் மடுவத்தில் அரைக்கிலோ குறைந்தாலே சண்டை வந்துவிடும். ஆனால் குளவி கொட்டி மூச்சுத் திணறலோடு தூக்கிக்கொண்டு போன என் தங்கச்சி மகனை நிறுக்க வைத்தியசாலையில் வழியில்லாமல் போனது.

அவனுக்கு நாலு வயது. தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளை காம்பராவிலிருந்து பாட்டியோடு வரும் வழியில் குளவி கொட்டியது. ஆட்டோ கிடைத்துப் போய்ச் சேர்வதற்குள் கண் இரண்டும் மூடிப்போய், அழுகைச் சத்தமே கம்மிவிட்டது. ஊசி மருந்தை எடுத்துக்கொண்டே "எத்தனை கிலோ?" என்று தாதி கேட்கிறார். "பன்னிரண்டு... பதினாலு இருக்கும் மிஸ்" என்கிறாள் தங்கச்சி. தராசு கிளினிக் அறைக்குள்ளே, அறைக்குப் பூட்டு, சாவி வைத்திருந்தவர் வெளியே போயிருந்தார். ஒட்சிசன் முகமூடி பெரியவர்களுக்கானது, அவன் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் மூடியது. அந்த மிஸ் அதைத் தலைகீழாகத் திருப்பி, காற்று வெளியே போகாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார். கடைசியில் கண்ணால் மட்டுக்கட்டித்தான் ஊசி போட்டார்கள். பிள்ளை பிழைத்தான், இப்போது எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் ஓடித் திரிகிறான். எந்த வைத்தியசாலை என்று எழுதமாட்டேன். அந்த மிஸ்ஸைக் கையெடுத்துக் கும்பிடத்தான் வேண்டும்.

அப்புறம் தெரிந்த டொக்டர் ஒருவரிடம் விசாரித்தேன். குளவி ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலின் பிள்ளைகளுக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். எடை தெரியாவிட்டால் வயதோடு நாலைக் கூட்டி இரண்டால் பெருக்கும் கணக்கு ஒன்று இருக்கிறதாம், அதன்படி அவன் 16 கிலோ. வீட்டுக்கு வந்து கிளினிக் புத்தகத்தைப் பார்த்தால் 12.5 என்று எழுதியிருக்கிறது! அட்ரினலினில் இந்த வித்தியாசம் பெரிய ஆபத்தில்லையாம், ஆனால் வலிப்பை நிறுத்தும் மருந்து கூடினால் மூச்சே அடங்கிவிடலாம், சேலைனும் அளவு மீறக்கூடாது. அந்தக் கணக்கு ஊட்டமாக வளர்ந்த பிள்ளைகளுக்குச் சரி. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 32 பேர் அளவில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், நாடு முழுதும் பார்த்தால் அது 17தான். எங்கள் பிள்ளைகளின் எடையை வயதை வைத்து மட்டுக்கட்டினால் தப்பாகத்தான் வரும்.

அதனால் முதலில் கேட்பது, ஒவ்வொரு பிரதேச வைத்தியசாலையிலும் அவசர சிகிச்சை கொடுக்கும் இடத்திலேயே பூட்டுக்குள் போகாத ஒரு தராசு. எழுந்து நிற்க முடியாத பிள்ளைக்கு, உயரத்தை அளந்து எடையைச் சொல்லும் நிற நாடா. சுவரில் கிலோவுக்கு எவ்வளவு என்ற மருந்து அட்டவணை. கைக்குழந்தைக்கும் சிறு பிள்ளைக்கும் தனித்தனி அளவில் முகமூடி, காற்றழுத்தும் பை, விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி. வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனால் ஆறு மாதத்தில் எது எங்கே என்று யாருக்கும் தெரியாது, அது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆகவே ஒவ்வொரு வைத்தியசாலையிலும் பிள்ளைகளின் அவசரத்துக்கு இன்னார் பொறுப்பு என்று ஒரு டொக்டரையோ தாதியையோ பெயர் சொல்லி நியமியுங்கள். மாதம் ஒரு தரம் இந்தச் சாமான்கள் இருக்கும் லாச்சியைத் திறந்து பார்ப்பது அவர் வேலையாக இருக்கட்டும். பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்கு மாற்றும்போது முன்கூட்டியே போன் பண்ணி எடையையும் கொடுத்த மருந்தையும் சொல்லிவிடவேண்டும், தாயையும் கூடவே அனுப்பவேண்டும், தமிழில் விளக்க ஒருவர் இருக்கவேண்டும்.

வைத்தியசாலை மட்டும் மாறினால் போதாது. 1990 என்ற இலக்கத்துக்குப் போன் பண்ணினால் வரும் அம்புலன்ஸ் இலவசம் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் "தோட்டத்தில் எந்த டிவிஷன், எந்த லயம்" என்று கேட்டால் வழி சொல்லத் தெரியாமல் திணறுகிறோம். ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஒரு சந்திக்கும் இடத்தை முடிவு செய்து பலகையில் எழுதி வைக்கலாம், அதற்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் தோட்ட நிர்வாகமும் ஒரு தரம் உட்கார்ந்தால் போதும். பிள்ளை காம்பராவைப் பார்க்கிற அக்காமாருக்கும் ஆட்டோ ஓட்டுகிற பொடியன்மாருக்கும் முதலுதவி கற்றுக்கொடுங்கள். தொண்டையில் அடைத்த கைக்குழந்தையைக் குப்புறப் பிடித்து முதுகில் ஐந்து தட்டு தட்டுவது, சுடுதண்ணி கொட்டினால் பற்பசை பூசாமல் 20 நிமிடம் பைப் தண்ணியில் காட்டுவது, வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனி என்ற உப்புக் கரைசல் பக்கற்றை ஒரு லீட்டர் தண்ணியில் முழுதாகக் கரைப்பது. (கோப்பையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிக் கரைக்கிற பழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது.)

மண்சரிவையும் சொல்லாமல் விடமுடியாது. 2014இல் மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவைப் பார்த்தோம், 2025 நவம்பரில் டித்வா புயலையும் பார்த்தோம். பாதை அடைபட்டால் கண்டிக்குப் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை, பக்கத்து வைத்தியசாலைதான் எல்லாமே. 12 கிலோ பிள்ளையின் உடம்பில் மொத்த இரத்தமே ஒரு லீட்டர் அளவுதான், ஈரத்தில் சீக்கிரம் குளிர்ந்தும் போய்விடும். முகாமாக மாறும் பாடசாலைகளில் கம்பளியும் ஜீவனியும் முன்கூட்டியே இருக்கவேண்டும், எந்தப் பிள்ளை யாரோடு வந்தது என்ற பட்டியலும் முதல் நாளே எழுதப்படவேண்டும்.

பயிற்சிக்கு இடம் தேடவேண்டாம், எங்கள் கோயில் மண்டபம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், கிழமை நாளில் வைத்தால் பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், போய்விடும் என்று யாரும் வரமாட்டார்கள். பதிலைத் தமிழில் அனுப்பினால் மடுவத்துப் பலகையில் ஒட்டிவிடுவோம்.

இப்படிக்கு,
பொகவந்தலாவைப் பகுதித் தோட்டமொன்றின் பெற்றோர் சார்பில், அந்தப் பிள்ளையின் தாய்மாமன்.