சாதிப் பட்டியலை வகுப்பில் வாசிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளிகள் திறந்து, கல்வி உதவித்தொகைக்கான படிவங்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. இந்த நேரத்தில் தலைமையாசிரியர்களிடமும் வகுப்பாசிரியர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். “எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகள் எல்லாம் எழுந்து நில்லுங்கள், சாதிச் சான்றிதழ் நகலை யார் யார் இன்னும் தரவில்லை?” என்று வகுப்பு நடுவே கேட்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். திருவண்ணாமலை மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். கேட்பவருக்குக் கெட்ட எண்ணம் இருப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். கெடு தேதிக்குள் பட்டியல் போக வேண்டும், பணம் பிள்ளையின் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும் என்ற அவசரம்தான். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

பத்தாம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவி இருந்தாள். இருபடிக் கோவையைக் காரணிப்படுத்தச் சொன்னால் நடு உறுப்பைப் பிரிக்கும் வேலையை மனத்துக்குள்ளேயே முடித்துவிட்டு விடையை மட்டும் எழுதுவாள். படிகளையும் எழுது என்று நான்தான் வற்புறுத்த வேண்டும். ஒரு நாள் முதல் பாடவேளையில், அலுவலகத்திலிருந்து வந்த உதவித்தொகைப் பட்டியலை வகுப்பாசிரியர் உரக்க வாசித்தார்: பெயர், அதையடுத்துச் சாதி. அவள் பெயர் வந்தபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அடுத்த பாடவேளை என்னுடைய அலகுத் தேர்வு. நடு உறுப்பைப் பிரிக்க இரண்டு எண்கள் வேண்டும்: பெருக்கினால் −12, கூட்டினால் 1 வர வேண்டும். அவள் தாளில் 4, −3 என்று சரியாக எழுதி அடித்திருந்தாள். பிறகு 6, −2 என்று எழுதி அதையும் அடித்திருந்தாள். மறுபடி 4, −3. அதன் கீழேயிருந்த கணக்குகளைத் தொடவே இல்லை. தெரியாத பிள்ளை அப்படி அடிக்காது. தெரிந்ததை நம்ப முடியாத பிள்ளைதான் அடிக்கும்.

ஒரு விடைத்தாளை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று சொல்வார்கள், சரிதான். அதனால் உத்தரப் பிரதேசக் கிராமப்புறத்தில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இருவர் நடத்தி 2004-ல் வெளியிட்டது. ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்கள், உயர்சாதியினர் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதியினர் 321 பேர். தாளில் அச்சிட்ட சிக்கலான பாதைப் புதிர்களுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும், முடிக்கும் புதிருக்குக் காசு உண்டு. யார் என்ன சாதி என்ற பேச்சே எழாத குழுக்களில் இரு தரப்பும் ஏறக்குறையச் சமமாகவே முடித்தார்கள். வேறு சில குழுக்களில், தொடங்கும் முன் ஒவ்வொரு பையனின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் எல்லார் முன்னும் வாசித்து, சரிதானா என்று தலையசைக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் முடித்த புதிர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. அதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. நம் வகுப்பறையில் நடப்பதும் இதே வாசிப்புதானே! சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார வைத்தபோது உயர்சாதிப் பையன்களின் திறனும் குறைந்தது என்பதையும் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதற்கு முன்பே, 1995-ல், அமெரிக்காவில் கிளாட் ஸ்டீல், ஜோஷுவா அரான்சன் என்ற உளவியலாளர்கள் இதே போன்றதைக் கறுப்பின மாணவர்களிடம் கண்டார்கள். உங்கள் அறிவுத்திறனை அளக்கும் தேர்வு என்று சொன்னால் மதிப்பெண் சரிந்தது. அப்படிச் சொல்லாதபோது அந்தச் சரிவு இல்லை. ‘இவர்களுக்கு வராது’ என்ற பேச்சு தன் தலையில் விடியப்போகிறதே என்று பயப்படும் மனத்தில் கணக்குப் போட இடம் குறைந்துவிடுகிறது. உடம்பையும் அது விடுவதில்லை. இத்தகைய சூழலில் கறுப்பின மாணவர்களின் இரத்த அழுத்தம் கூடுதலாக ஏறியதை 2001-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கணக்கில் கெட்டிக்காரர்களான வெள்ளைக்கார ஆண்களிடம்கூட, ஆசியர்கள் உங்களைவிடக் கணக்கில் மேல் என்று சொன்னபோது திறன் குறைந்திருக்கிறது.

எல்லா இடத்திலும் இதே முடிவு வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெண்களுக்குக் கணக்கு வராது என்ற பேச்சு மாணவிகளைப் பாதிக்கிறதா என்று நெதர்லாந்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நடத்தி 2018-ல் வெளியிட்ட ஆய்வில் இந்த விளைவு தென்படவில்லை. பாதிப்பின் அளவு எவ்வளவு என்று அறிஞர்கள் வாதிடட்டும். சாதியை உரக்க வாசிப்பதால் ஒரு பிள்ளைக்காவது நன்மை உண்டா? அதற்கு மட்டும் யாராவது பதில் சொல்லட்டும்.

உடனே சிலர், அப்படியானால் சாதிச் சான்றிதழே வேண்டாம், உதவித்தொகையே வேண்டாம் என்று கிளம்புவார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பணம் பிள்ளைகளின் உரிமை. அதைக் கொடுக்க ஊரைக் கூட்ட வேண்டியதில்லை, அவ்வளவே.

2023-ல் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, ஆசிரியர்கள் நேரடியாகவோ மறைமுகமாகவோ மாணவரைச் சாதி சொல்லி அழைக்கக் கூடாது என்று அது பரிந்துரைத்திருக்கிறது. சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறு கூடாது என்று அதே அறிக்கை சொன்னதைப் பற்றித்தான் ஊரெல்லாம் விவாதித்தோம். இந்தப் பரிந்துரைகளைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

இத்தனைக்கும் விவரம் எல்லாம் ஏற்கெனவே பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களைச் சேர்த்து வைக்கும் ‘எமிஸ்’ இணையதளத்தில் ஏற்றப்பட்டிருக்கிறது. சான்றிதழ் தராத பிள்ளை யார் என்று அலுவலகத்தில் உட்கார்ந்தே பார்த்துக்கொள்ளலாம். இடைவேளையில் தனியாக அழைத்துச் சொல்லலாம், அல்லது பெற்றோரிடம் தொலைபேசியில் கேட்கலாம். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கும்போதும் அந்தந்தப் பிள்ளையை மேசைக்கு அழைத்து, தன் வரியை மட்டும் பார்த்துக் கையெழுத்திடச் செய்யலாம். தேர்வு நாளன்று இந்த வேலை எதுவும் வேண்டாம். முதன்மைக் கல்வி அலுவலர்கள் இதை ஒரு சுற்றறிக்கையாக, காலாண்டுத் தேர்வுக்கு முன்பே அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
திருவண்ணாமலை மாவட்டம்.